பாய்லருக்குப் போட்ட மாலை

சம்பவம் நடந்தபோது சமையல் கொட்டகைக்குள் இருந்தவர்கள் ஐந்து பேர்: அக்கா செல்வி, அம்மா, காய் நறுக்கும் கன்னியம்மா, வல்லத்திலிருந்து பஸ்ஸில் வந்து வேலை செய்யும் ராணி, நான். சுவருக்கு அந்தப் பக்கம், மண்டபத்தில், சுமார் முந்நூறு பேர். வர வேண்டியவர்களில் வராதவர் ஒரே ஒருவர்தான்: காது குத்தும் குழந்தையின் தாய்மாமன். அவர் மட்டும் அவலூர்பேட்டையிலிருந்து நேரத்துக்கு வந்திருந்தால் பதினொன்றரைக்குப் பந்தி போட்டிருப்போம், பாய்லரை அணைத்திருப்போம், நான் செய்து வைத்திருந்த காரியம் அன்றைக்கு வெளியே தெரிந்திருக்காது. அடுத்த விசேஷத்தில் தெரிந்திருக்கும். அதை உட்கார்ந்து எழுத அப்போது நான் இருந்திருப்பேனா என்பது வேறு விஷயம்.

முதலில் என் யோக்கியதையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாகப் பார்த்த முதல் ஆள் நான். அம்மாவும் நைனாவும் மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்கியதில்லை. அக்கா ஐந்தாவதோடு நின்றாள். நான் பாலிடெக்னிக் போய் மெக்கானிக்கல் டிப்ளமோ வாங்கினேன். அதற்குப் பிறகு எங்கள் தெருவில் ஸ்குரு உள்ள பொருள் எல்லாம் என் இலாகா. மிக்ஸி, சைக்கிள், டிவி ரிமோட். (ஒரு பெரியம்மா வயிற்று ஸ்கேன் ரிப்போர்ட்டைக்கூட என்னிடம்தான் நீட்டினாள். நானும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "பயப்பட ஒண்ணுமில்ல" என்று சொன்னேன். கடவுள் புண்ணியத்தில் பயப்பட ஒன்றுமில்லை.)

அக்கா சமையல் கான்ட்ராக்ட் எடுக்க ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. நைனா பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தார். அக்கா மகளிர் குழுவில் கடன் வாங்கி, மூடிப்போன ஒரு மெஸ்ஸிலிருந்து பழைய ஸ்டீம் பாய்லர் ஒன்றை வாங்கினாள். என் மார்பு உயரத்துக்கு ஓர் இரும்பு உருளை. உள்ளே தண்ணீர், அடியில் கேஸ் பர்னர். கொதிக்கும் தண்ணீரின் ஆவி ரப்பர் குழாய் வழியாகச் சோற்று அண்டாவுக்கும் இட்லிப் பெட்டிக்கும் போகும். விறகில் ஒன்றரை மணி நேரம் ஆகிற சோறு இதில் அரை மணியில் வெந்துவிடும்.

அந்த உருளைக்கு மூன்று முக்கியமான உறுப்புகள். உள்ளே எவ்வளவு அழுத்தம் என்று காட்ட முள் வைத்த மீட்டர். தண்ணீர் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று காட்ட, நின்றவாக்கில் ஒரு கண்ணாடிக் குழாய், அதைச் சுற்றிக் கம்பிவலை. உச்சியில் சேஃப்டி வால்வு. அழுத்தம் அளவு மீறினால் அது தானே எழும்பி, அதிகப்படி ஆவியைப் புஸ்ஸென்று வெளியே விட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்துகொள்ளும். 'பாதுகாப்பு வால்வின் பயன் யாது?' ஐந்து மதிப்பெண் கேள்வி. ஐந்துக்கு ஐந்து வாங்கியிருக்கிறேன்.

அந்த வால்வு சமையல் நடக்கிற நேரம் முழுக்கப் புஸ், புஸ் என்று ஏதாவது சொல்லிக்கொண்டே இருக்கும். கன்னியம்மாவுக்கு அதுதான் கடிகாரம். இத்தனை புஸ்ஸுக்கு ஒரு அண்டா சோறு என்று கணக்கு வைத்திருந்தார். எனக்கு மட்டும் அந்தச் சத்தம் பிடிக்காது. ஒவ்வொரு புஸ்ஸிலும் அக்காவின் கேஸ் காசு கூரை வழியாகப் போவதாகத் தோன்றும். 'லீக்கு' என்று முடிவு கட்டிவிட்டேன். (கேள்விக்குப் பதில் எழுதிய கையும் லீக்கு என்று சொன்ன வாயும் ஒரே உடம்பில்தான் இருந்தன. இரண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.)

ஆயுத பூஜை வந்தது. மறுநாள் விஜயதசமிக்கு எங்களுக்கு ஒரு பெரிய ஆர்டர். செஞ்சிக் கடைவீதியில் மொத்த மளிகை வைத்திருக்கும் தணிகாசலம்தான் திருவண்ணாமலை ரோட்டிலுள்ள அந்தக் கல்யாண மண்டபத்துக்கும் ஓனர். அவர் பேத்திக்குக் காது குத்து, முந்நூறு இலை. சாப்பாடு நன்றாக இருந்தால் மண்டபத்து சமையல் முழுவதையும் வருஷக் கணக்கில் எங்களிடமே விடுவதாகச் சொல்லியிருந்தார். அக்காவுக்கு அதுதான் எல்லாம். அந்தக் கான்ட்ராக்ட் கிடைத்தால் நைனாவைப் பெங்களூரிலிருந்து வரச் சொல்லிவிடலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

பாய்லரை மண்டபத்துக் கொட்டகையில் முதல் நாளே இறக்கியாகிவிட்டது. அது பார்க்கத் துருப்பிடித்த குப்பைத்தொட்டி மாதிரி இருந்தது. தணிகாசலம் பார்த்தால் என்ன நினைப்பார்? நான் சில்வர் பெயிண்ட் வாங்கி வந்தேன். ஆயுத பூஜைக்குக் கருவிக்குப் புதுத்துணி உடுத்துவது மாதிரி, மேலிருந்து கீழ்வரை இரண்டு கோட்டிங். சேஃப்டி வால்வு சின்னச் சின்ன ஓட்டையும் இடுக்குமாக இருந்ததால் பிரஷ் சரியாக ஏறவில்லை. நான் விடுகிற ஆளா? சின்ன பிரஷ் எடுத்து, ஒரு புள்ளி விடாமல் ஒவ்வொரு ஓட்டைக்கும் ஊட்டி விட்டேன். கண்ணாடிக் குழாயைச் சுற்றியிருந்த கம்பிவலையைக் கழற்றி, தனியாகப் பெயிண்ட் அடித்து, காயட்டும் என்று மதிலோரம் சாய்த்து வைத்தேன். என் இடது புருவத்திலும் கொஞ்சம் சில்வர் ஒட்டிக்கொண்டது. அது போக ஒரு வாரம் ஆனது.

மாலையில் பூஜை. அம்மா சந்தனம் குழைத்து, விபூதியோடு வந்தாள். பாய்லருக்கு நெற்றி எது? வட்டமாக, கண்ணாடி போட்டுக்கொண்டு மனித முகம் மாதிரி இருந்தது மீட்டர்தான். அதில் மூன்று விரலாலும் அழுத்தி ஒரு பட்டை, நடுவில் சந்தனம், குங்குமம். முள் இருக்கிற இடமே தெரியவில்லை. அடுத்தது மாலை. மாலை போடக் கழுத்து வேண்டுமே. உருளைக்கு ஏது கழுத்து? உச்சியில் தலை மாதிரி நீட்டிக்கொண்டிருந்த சேஃப்டி வால்வுக்குப் போட்டோம். சாமந்தி கனமாக இருந்ததால் நழுவியது. நான்தான் வாழைநாரை எடுத்து, வால்வின் கைப்பிடியோடு சேர்த்து நான்கு சுற்று சுற்றி, இறுக்கி முடிச்சுப் போட்டேன். கற்பூரம் காட்டினோம். விழுந்து கும்பிட்டோம்.

ஆக, கண்ணை மறைத்து, வாயை அடைத்து, கழுத்தை இறுக்கி, மறுநாள் அடியில் நெருப்பும் வைத்தோம். எதிரிக்குக்கூட யாரும் இவ்வளவு செய்ய மாட்டார்கள். நாங்கள் பக்தியோடு செய்தோம்.

விஜயதசமி காலையில் பர்னரைப் பற்றவைக்கும்போது மீட்டரைத் துடைக்கலாம் என்று கை போனது. அம்மா தட்டிவிட்டாள்.

"பூஜ போட்ட பொட்ட அன்னிக்கே அழிப்பாங்களாடா? படிச்சா இதெல்லாம் மறந்துடுமா?"

பாய்லரைப் பற்றி அம்மாவிடம் விளக்குவதைவிடப் பாய்லரையே நம்பிவிடலாம் என்று தோன்றியது. விட்டுவிட்டேன்.

முதல் இரண்டு அண்டா சோறு அழகாக வெந்தது. ஆவி குழாய் வழியாக அண்டாவுக்குப் போய்க்கொண்டே இருந்ததால் உள்ளே அழுத்தம் சேரவில்லை. பதினோரு மணி. சாம்பார், ரசம், கூட்டு, பாயசம் எல்லாம் வரிசையாகத் திறந்த அண்டாக்களில் மணக்க மணக்க இருந்தன. மூன்றாவது அண்டாவுக்கு அரிசி களைந்து தயார். அப்போதுதான் மண்டபத்திலிருந்து சேதி வந்தது: மாமன் வந்த கார் வழியில் பஞ்சர், சீர்வரிசைத் தட்டுகளோடு ரோட்டில் நிற்கிறார். மாமன் மடியில் உட்கார வைக்காமல் காது குத்த முடியாது. காது குத்தாமல் பந்தி போட முடியாது.

சோறு ஆறிவிடக் கூடாது என்று அக்கா மூன்றாவது அண்டாவை நிறுத்தச் சொன்னாள். பாய்லரை மட்டும் சூடாக வைத்திருக்கச் சொன்னாள். நான் குழாய்க்குப் போகும் ஆவியை மூடினேன். பர்னரைக் குறைக்கவில்லை. 'ரெடியா இருக்கட்டும்.' அப்படித்தான் நினைத்தேன். இதையெல்லாம் சத்தமாகச் சொல்ல இப்போதுகூட வாய் கூசுகிறது.

பத்து நிமிஷம் போயிற்று. கொட்டகை அமைதியாக இருந்தது. அந்த அமைதியைப் பார்த்து எனக்குப் பெருமை. ராணியிடம் சொன்னேன், முன்பெல்லாம் இதில் லீக்கு இருந்தது, பெயிண்ட் அடித்த கையோடு அதையும் சரி செய்துவிட்டேன் என்று. ராணி மரியாதையோடு பாய்லரையும் என் புருவத்தையும் பார்த்தாள்.

கன்னியம்மா பூசணிக்காயிலிருந்து தலையைத் தூக்கினார்.

"இன்னா தம்பி, இன்னிக்கு இது வாயே தொறக்கல?"

"லீக்க நிறுத்திட்டன்."

"அப்ப உள்ள இருக்கிற ஆவி எங்க போவுது?"

அந்த ஐந்து மதிப்பெண் கேள்வியை என்னிடம் இவ்வளவு தெளிவாக யாரும் கேட்டதில்லை. அப்போதுதான் கவனித்தேன். மாலையிலிருந்த சாமந்தி இதழ்கள் காற்றே இல்லாமல் நடுங்கிக்கொண்டிருந்தன. உருளைக்குள்ளிருந்து, தூரத்தில் லாரி ஏறி வருவது மாதிரி ஒரு உறுமல். துண்டால் மீட்டரைத் துடைத்தேன். முள், சிவப்புக் கோட்டைத் தாண்டிப்போய், அதற்கு மேல் போக இடமில்லாமல் கடைசி ஆணியில் சாய்ந்து நின்றது.

பர்னரை அணைத்தேன். சிலிண்டரை மூடினேன். வாழ்க்கையில் நான் அந்த வேகத்தில் சரியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான். ஆவி போகிற குழாயைத் திறந்துவிட்டால் போதுமே என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. ஆனால் மறுமுனையில் இருப்பது பழைய ரப்பர். அந்த அழுத்தம் மொத்தமாகப் பாய்ந்தால் குழாய் பிய்த்துக்கொண்டு, எதிரில் நிற்பவர் தோலை உரித்துவிடும். கன்னியம்மா குடத்தோடு தண்ணீர் ஊற்ற வந்தார். சூடான இரும்பில் பச்சைத்தண்ணீர் பட்டால் விரிசல் விடலாம். குடத்தைப் பிடுங்கினேன். புத்தகத்தில் இருந்தது மூன்றே கட்டளை: தீயை நிறுத்து, விலகு, விலக்கு.

நால்வரையும் தள்ளாத குறையாக வெளியே அனுப்பினேன். அக்கா, இன்னாடா இன்னாடா என்று கேட்டுக்கொண்டே ஓடினாள். பிறகு மண்டபத்துக்குள் ஓடினேன், மைக்கைப் பிடித்தேன். இங்கேதான் என் படிப்பு மறுபடி கழுத்தை அறுத்தது. மைக் கையில் வந்தால் எனக்கு வாயில் வருவது பேச்சுப்போட்டித் தமிழ் மட்டும்தான்.

"அவையோர் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்" என்றேன்.

முந்நூறு பேரும் சௌகரியமாகச் சாய்ந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் அழுகிற பிள்ளையை, மாமா பேசுறாரு பாரு என்று அடக்கினார். நான் 'எதிர்பாராத தொழில்நுட்பக் கோளாறு காரணமாக' என்று ஆரம்பித்ததும் கரண்ட் போகப் போகிறது என்று நினைத்து இரண்டு பேர் விசிறியைத் தேடினார்கள். பின்னாலேயே வந்த கன்னியம்மா என்னை ஒரு பக்கம் ஒதுக்கினார். வேர்க்கடலைக் கொல்லையில் காக்கா ஓட்டிய தொண்டை அது, மைக் தேவைப்படவில்லை.

"பாய்லர் வெடிக்கப் போவுது. எழுந்து ஓடுங்க."

ஒரு நிமிஷத்தில் மண்டபம் காலி.

எல்லோரும் ரோட்டோரம் வெயிலில் நின்றார்கள். எதிரே கோட்டை மலை. செஞ்சிக்காரர்கள் யாரும் அதைத் தலைநிமிர்ந்து பார்ப்பதில்லை. அன்றைக்கு வேறு வேலை இல்லாததால் முந்நூறு பேரும் கால்மணி நேரம் உற்றுப் பார்த்தார்கள். அப்போதுதான் ஓர் ஆட்டோ வந்து நின்றது. பட்டு வேட்டியில், தாம்பாளத்தோடு தாய்மாமன் இறங்கினார். மண்டபத்து சனம் மொத்தமும் வாசலில் நிற்பதைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கைகூப்பி, "நமக்காக இம்மாம் பேரு வெயில்ல நிக்கணுமா?" என்றார்.

நெருப்பு அணைந்தாலும் அடைபட்ட ஆவி உள்ளேயேதான் இருந்தது; ஆனால் நேரம் ஆக ஆக எதுவும் நடக்கவில்லை. அதுதான் எனக்குப் பெரிய சோதனை. வெடிக்கும் என்று சொல்லிவிட்டு வெடிக்காத பாய்லருக்குப் பக்கத்தில் நிற்பதைவிடக் கேவலமான நிலைமை ஒன்று கிடையாது. யாரோ சிரித்தார்கள். தணிகாசலம் கைக்கடிகாரத்தைப் பார்த்து, அக்காவைப் பார்த்து, மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். அக்கா கொட்டகைப் பக்கம் நடந்தாள். நான் கொட்டகைக்குப் போகும் சந்தில் போய்க் கையை விரித்து வழி மறித்து நின்றேன்.

"வழிய வுடு. சாம்பார மட்டுமாவது தூக்கிட்டு வந்துடுறன்."

"போவக் கூடாதுக்கா."

"கேஸ நிறுத்திட்டல்ல? இன்னும் இன்னாடா? அவுரு பாக்குறாரு. இன்னியோட எல்லாம் போயிடும் குமரேசா."

"போவட்டும்."

அவள் கண்ணில் தண்ணீர். "நீ யார்ரா என்ன நிறுத்துறதுக்கு?"

டிப்ளமோ என்று சொல்லியிருக்கலாம். அதை நினைக்கவே வெட்கமாக இருந்தது.

"அந்த வால்வ பெயிண்ட் அடிச்சி அடைச்சவன் நான்தான்கா. லீக்கு இல்ல அது. உயிரு அது. நான்தான் அடைச்சன். என்னத் தாண்டி நீ போவ முடியாது."

முந்நூறு பேருக்கும் கேட்டது. அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். தன் விபூதியும் அந்தக் கணக்கில் உண்டு என்று அவளுக்கும் அப்போது புரிந்திருக்க வேண்டும்.

அக்கா நின்றாள். அவள் நின்ற இடத்திலிருந்து கொட்டகை வாசல் இருபது அடி. அந்த நேரத்தில்தான் உள்ளே சத்தம் கேட்டது. சினிமாவில் வருகிற மாதிரி இல்லை. கல்லில் தேங்காய் உடைந்தது மாதிரி ஒரே ஒரு சத்தம். அதன் பின்னாலேயே காது கிழிகிற சீறல். ஜன்னல், கதவு, ஓட்டுச் சந்து எல்லாவற்றிலிருந்தும் வெள்ளையாக ஆவி பீறிட்டது. சிரித்தவர்கள் ரோட்டைத் தாண்டி ஓடினார்கள். நான் மட்டும் கையை விரித்தபடியே நின்றேன். (தைரியம் இல்லை. கால் வரவில்லை.)

சீறல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அதற்குப் பிறகும் நான் யாரையும் விடவில்லை. பாய்லர் தொடுகிற சூட்டுக்கு ஆறியதும் முதலில் நானே போய்ப் பார்த்தேன். உருளை நின்றுகொண்டிருந்தது. தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய்தான் அழுத்தம் தாங்காமல் தெறித்திருந்தது. தடுக்க வேண்டிய கம்பிவலை மதிலோரம் பளபளவென்று காய்ந்துகொண்டிருந்தது. கன்னியம்மா உட்காரும் பலகையில் விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடிச் சில் குத்தி நின்றது.

அக்கா கரண்டியைப் பாயசத்தில் விட்டு எடுத்தாள். முந்திரியோடு சின்னச் சின்னதாக மின்னியது. சாம்பாரில், ரசத்தில், சோற்றில், எல்லாவற்றிலும் இருந்தது. தணிகாசலத்தின் சொந்தக்காரர் ஒருவர், மேலாக வழித்துப் போட்டுவிட்டு அடியில் இருப்பதைப் பரிமாறலாமே, யாருக்குத் தெரியப் போகிறது என்றார். தணிகாசலம் அக்கா முகத்தையே பார்த்தார். அந்தப் பார்வையில் மண்டபத்துக் கான்ட்ராக்ட் இருந்தது.

அக்கா பாயச அண்டாவின் ஒரு காதைப் பிடித்தாள். "ராணி, அந்தப் பக்கம் புடி" என்றாள். கழிவுக் குழியில் முதலில் பாயசம், அப்புறம் சாம்பார். முந்நூறு பேர் சாப்பாட்டையும் அவளே நின்று, ஒவ்வொன்றாகக் கவிழ்த்தாள். நான் அண்டாக்களைத் தூக்கிக் கொடுத்தேன்.

காது குத்து நடந்தது. மாமன் மடியில் குழந்தை சமர்த்தாக இருந்ததாம். விருந்தாளிகளுக்குக் கடைவீதியில் இருந்த பன், வாழைப்பழம், தயிர்சாதப் பொட்டலம் அத்தனையையும் வாங்கிக் கொடுத்தோம். தணிகாசலம் போகும்போது அக்காவிடம், "நல்ல பொண்ணுதான் நீ. ஆனா நம்ம மண்டபத்துக்கு வேணாம்மா" என்றார். நியாயம்தான்.

மறுநாள் மெக்கானிக் அந்த வால்வைக் கழற்றி, சுத்தியலால் தட்டித்தான் திறக்க முடிந்தது. கண்ணாடி முந்திக்கொள்ளாமல் இருந்திருந்தால் அடுத்தது உருளைதான் என்றார். அதை அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு டீ கேட்டார்.

அன்றைக்கு ஒரு முடிவு எடுத்தேன். படித்த பதிலை இனிமேல் கையால் எழுதுவது மட்டும் போதாது. ஒரு தொழிற்சாலையில் பாய்லர் ஓட்டும் வேலைக்கு உதவியாளாகச் சேர்ந்து, சரியாகக் கற்று, தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கினேன். அக்கா எட்டு மாதம் வெறும் அடுப்பில் சமைத்துச் சமாளித்தாள். இப்போது அவளிடம் இருக்கும் பாய்லரில் இரண்டு சேஃப்டி வால்வு. அது நிற்பது கொட்டகைக்கு வெளியே, தனித் தடுப்புக்குப் பின்னால். தினமும் பற்றவைத்து ஆவி ஏறியதும் கைப்பிடியைத் தூக்கி வால்வு மூச்சு விடுகிறதா என்று பார்த்த பிறகுதான் அரிசி களைவார்கள். ஆயுத பூஜை வந்தால் நான் கடைவீதி டீக்கடை, மெஸ் எல்லாவற்றுக்கும் போகிறேன். பொட்டு உடம்பில் வையுங்கள், மீட்டரில் வேண்டாம். மாலை கீழே போடுங்கள், வால்வில் வேண்டாம். சிலர் கேட்கிறார்கள். சிலர், பொட்டு அழிக்கிற பையன் வந்துட்டான் என்று தள்ளி நிற்கிறார்கள். நான் அழித்துவிட்டுத்தான் வருகிறேன்.

வீட்டில் இன்றைக்கும் யாராவது கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தால் அம்மா விடுவதில்லை. "பெயிண்ட் அடைச்சிருக்குது போல, எல்லாம் வெளிய போயி நில்லுங்க" என்பாள். கல்யாணமாகி வந்த புதிதில் என் மனைவிக்கு இது விளங்கவில்லை. இப்போது அவள்தான் அதிகம் சொல்கிறாள்.

யாராவது அந்த நஷ்டத்தைப் பற்றி அக்காவிடம் உச்சுக்கொட்டினால் மட்டும் அவளுக்குப் பிடிக்காது. கொட்டிய சாப்பாடு, கூலி, பன்னும் பழமும், பாய்லர் ரிப்பேர் எல்லாம் சேர்த்து ஐம்பத்தோராயிரத்து முந்நூற்று ஐம்பது ரூபாய். ஐந்தாவது வரை படித்தவள், ஆனால் மனக்கணக்கில் என் டிப்ளமோ அவளிடம் நிற்காது. உள்ளே இருந்த ஐந்து பேரையும் விரல் விட்டு எண்ணிக்காட்டுவாள்.

"அஞ்சு உசுரு. தலைக்குப் பத்தாயிரத்து எரநூத்தி எழுபது."